எவர்சில்வர் ஃபிரெட்டுகள்

என்னோடு பாடினால் தொண்டை வலிக்கிறது என்று என் மனைவி சொன்னாள்.

ஆனி பிறந்து, மலையிலிருந்து காற்று இறங்கத் தொடங்கியிருந்தது. தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் எங்கள் வீடு கடைசி வீடு. அதற்குப் பிறகு வெற்று மனைகள்தான். ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டிருந்தன. காற்றில் சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன். அவள் திரும்பச் சொன்னாள்.

"ட்ராக்கோட பாடினா வலிக்கல. உங்க கூட பாடினாத்தான் வலிக்கி."

ட்ராக் என்பது பாட்டிலிருந்து குரலை மட்டும் உருவிவிட்ட பின்னணி இசை. கைப்பேசியில் அதை ஓடவிட்டு ஒலிபெருக்கி முன்னால் நின்று பாடுவார்கள். தென்காசியில் ஓய்வு பெற்றவர்கள் முன்பு காலையில் நடப்பார்கள். இப்போது மாலையில் பாடவும் செய்கிறார்கள். அவர்களுக்கு ஒரு குழு இருந்தது. சாரல் ராகம் என்று பெயர். அதன் தலைவர் சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி, ஓய்வு பெற்ற சப் இன்ஸ்பெக்டர். என் மனைவி வித்யா வேலை பார்க்கும் சுரண்டை வங்கிக் கிளையில் அவருக்குக் கணக்கு உண்டு. கவுண்டருக்குப் பின்னால் அவள் முணுமுணுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டு, அங்கேயே குழுவில் சேர்த்துக்கொண்டார்.

ஆடியில் குற்றாலத்தில் குழுவின் சீசன் கச்சேரி. ஐந்தருவிச் சாலையில் ஒரு விடுதியின் கூடத்தைப் பிடித்திருந்தார்கள். வித்யாவுக்கு இரண்டு பாட்டு. கல்யாண வரவேற்பிலிருந்து அவள் பாடிய இடங்களிலெல்லாம் பக்கத்தில் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தவன் நான். கொலு வீடு, புதுமனை புகுவிழா, வங்கியின் ஆண்டு விழா. குற்றாலத்திலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை.

"ஒத்திகை பாப்பம்," என்றாள் வித்யா. "அன்னைக்கும் வலிச்சா, ட்ராக் வச்சிக்கிடுதேன்."

நான் இயற்பியல் ஆசிரியர். காரணத்தை அறிவியல் முறையில் தேடினேன். வங்கியின் ஏசியைச் சந்தேகப்பட்டேன். பேருந்து ஜன்னல் காற்றையும், சுரண்டையில் அவள் குடிக்கும் மோரையும் சந்தேகப்பட்டேன். மோரை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினாள். வலி நிற்கவில்லை. கடைசியில், பெருந்தன்மையாக, என் பக்கமும் தவறு இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டேன். என் பக்கம் என்றால் என் கிட்டார்.

முதலில் கம்பிகளை மாற்றினேன். சாரல் காலத்தில் கம்பிகள் சீக்கிரம் கறுத்துவிடும். புதுக் கம்பிகள் பளிச்சென்று ஒலித்தன. வித்யா ஒரு பாட்டுப் பாடிவிட்டு வெந்நீர் வைக்கப் போனாள்.

பிறகு தலையில் உள்ள முறுக்குச் சாவிகளை மாற்றினேன். பழையவற்றில் பல் தேய்ந்து, சுருதி வைத்த கம்பி சற்று நேரத்தில் நழுவும். புதியவை நழுவவில்லை. நான் எந்தச் சுருதியில் வைத்தேனோ அங்கேயே நின்றன. வித்யா வெந்நீர் குடித்தாள்.

பிறகு நட். தலைக்கும் கழுத்துக்கும் நடுவே கம்பிகள் உட்காரும் சிறிய பட்டை அது. பிளாஸ்டிக்கில் இருந்ததை எடுத்துவிட்டு எலும்பில் போட்டேன். மறுமுனையில், உடலின் மேல் கம்பிகள் ஏறி இறங்கும் சேடிலையும் எலும்பில் போட்டேன். ஒலியில் ஒரு கனம் வந்தது. பஞ்சுக்குள் பேசியவன் எழுந்து உட்கார்ந்து பேசினாற்போல் இருந்தது. இதை வித்யாவிடம் சொன்னேன். எலும்பு எந்த மிருகத்தின் எலும்பு என்று கேட்டாள். தெரியாது என்றேன். கிட்டாரைப் பூஜை அறைப் பக்கம் வைக்கவேண்டாம் என்றாள்.

ஒவ்வொரு மாற்றமும் கிட்டாருக்கு நல்லதுதான் செய்தது. இதை இப்போதும் சொல்வேன். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே கை அதே இடத்தில் போய் உட்கார்ந்தது. அதை யாரும் கழற்றிப் பார்க்கவில்லை.

கிருபாவிடம் காட்டினேன். என்னிடம் படித்தவன். இயற்பியலை முழுமையாக மறந்து, பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் கிட்டார் வகுப்பு நடத்துகிறான். தேவாலயத்திலும் வாசிக்கிறான். கழுத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான்.

"ஃபிரெட்டு எல்லாம் போயிட்டு சார்," என்றான்.

ஃபிரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி. இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவே விரலால் அழுத்தினால், தந்தி முன்னால் இருக்கும் ஃபிரெட்டில் படிந்து, அந்த நீளத்துக்கு உரிய சுரம் பிறக்கும். என் கிட்டாரில் முதல் நான்கைந்து ஃபிரெட்டுகளில் தந்திகளுக்குக் கீழே பள்ளம் விழுந்திருந்தது. கிணற்றுக் கல்லில் கயிறு அறுத்த தடம் மாதிரி. மீதி தேய்ந்து தட்டையாகிப் பலகையோடு பலகையாகக் கிடந்தன. இவ்வளவு தேய்ந்து தான் பார்த்ததில்லை என்றான் கிருபா. நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அவ்வளவு வாசித்திருக்கிறேன் என்று அர்த்தம் செய்துகொண்டேன். எவ்வளவு அழுத்தினால் இப்படித் தேயும் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

திருவனந்தபுரத்தில் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொடுத்தால் சுத்தமாக மாற்றித் தருவார், ஆனால் சீசன் முடிந்துவிடும் என்றான். நானே போடுகிறேன் என்றேன். கிருபா என்னைப் பார்த்தான். ஆய்வகத்தில் என் கையால் உடைந்தவை அவனுக்கு நினைவில் இருந்தன போலும். உயரமான ஃபிரெட்டாக வாங்குங்கள் என்று மட்டும் சொன்னான். விரல் மரத்தில் உரசாது, கை இலகுவாக ஓடும், தனக்கு அதுதான் பிடிக்கும் என்றான்.

இருப்பதிலேயே உயரமானதை வரவழைத்தேன். அதிலும் சாதாரண நிக்கல் கலவை வேண்டாம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஆயுளுக்கும் தேயாது. பொட்டலத்தைப் பிரித்தபோது வித்யா ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

"எவர்சில்வரா?"

ஆமாம் என்றேன்.

"வீட்ல இருக்க தம்ளர் போதாதா?"

இரண்டு ஞாயிறுகள் வேலை நடந்தது. சாப்பாட்டு மேசையில் போர்வையை விரித்துக் கிட்டாரைக் கிடத்தினேன். பழைய ஃபிரெட்டில் சால்டரிங் இரும்பை வைத்துச் சூடேற்றினால் உள்ளே இருக்கும் பசை இளகும். பிறகு குறடால் மெல்ல நெம்பி எடுக்க வேண்டும். மெல்ல என்று எல்லாக் காணொளியிலும் சொன்னார்கள். சில இடங்களில் மரம் சிம்பாய்ப் பெயர்ந்து வந்தது. அதைத் திரும்ப ஒட்டினேன். புதியதை லேசாக வளைத்து, பிளவில் வைத்து, மரக் கொட்டாப்புளியால் தட்டி இறக்கினேன். சமையல் மேடைக்குப் போட்ட கிரானைட்டில் மிஞ்சிய துண்டில் உப்புத்தாளை ஒட்டி, எல்லா ஃபிரெட்டுகளின் தலையையும் ஒரே மட்டமாகத் தேய்த்தேன். எவர்சில்வர் தேய மறுத்தது. உப்புத்தாள்தான் தேய்ந்தது. ஓரங்களில் முனை துருத்திக்கொண்டிருந்தது. அந்தப் பக்கமாகப் போன வித்யாவின் சேலை மாட்டி நூல் இழுத்தது. சேலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்விட்டாள். முனைகளை அரத்தால் ராவினேன்.

நடுவில் சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி தொலைபேசியில் கூப்பிட்டார். தங்கச்சி பாட்டுக்கு ட்ராக் அனுப்பவா என்று கேட்டார். கிட்டார் தயாராகிக்கொண்டிருக்கிறது என்றேன்.

"நம்ம குரூப்புல எல்லாருக்கும் ட்ராக்குதான் வாத்தியாரே. ட்ராக்குக்குக் கோவம் வராது. சாரல் அடிச்சா நமுத்துப் போவாது."

ஒத்திகைக்கு நேரிலேயே வாருங்கள், கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்றேன். இப்படியெல்லாம் அழைப்பது என் வழக்கம்.

வேலை முடிந்தபோது கிட்டார் அழகாக இருந்தது. கழுத்து முழுக்க வெள்ளிப் படிகள் ஏறின. ஒற்றைச் சுரங்களைத் தட்டிப் பார்த்தேன். மணிபோல் ஒலித்தன. முன்பு மங்கிக் கிடந்த இடங்களில்கூட ஒலி நின்று இழுத்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒத்திகை அன்று அண்ணாச்சி வேட்டி சட்டையில், கைப்பேசியும் சிறிய ஒலிபெருக்கியுமாக வந்தார். சோபாவில் உட்கார்ந்து, வாக்குமூலம் கேட்பவர்போல் முழங்கால்களில் கையை வைத்துக்கொண்டார். சுருதி வைத்தேன். சாவிகள் நழுவவில்லை. முதல் கார்டைப் பிடித்து மீட்டினேன்.

கார்டு என்பது ஒரே நேரத்தில் பல தந்திகளைப் பிடித்து ஒலிக்கும் சுரக்கூட்டு. அதில் உள்ள சுரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். இவை ஒத்துப்போகவில்லை. ஒரு குடும்பம் புகைப்படத்துக்கு நிற்கும்போது ஆளுக்கொரு திசை பார்ப்பதுபோல் இருந்தது. புதுச் சத்தம், பழகிவிடும் என்று சொல்லிக்கொண்டேன். வித்யா பாடத் தொடங்கினாள். முதல் வரியின் நடுவில் கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டாவது வரியில் நிறுத்தினாள்.

மறுபடி தொடங்கினோம். நான் இன்னும் உறுதியாகப் பிடித்தேன். இன்னும் மோசமாயிற்று.

"பாத்திரம் உருண்ட மாதிரி இருக்கு," என்றாள் வித்யா. கோபமில்லாமல் சொன்னாள்.

அண்ணாச்சி என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருவிரல் கழுத்துக்குப் பின்னால் வெளுத்திருந்தது.

"வாத்தியாரே, கழுத்த விட்ருங்க," என்றார். "அது குத்தத்த ஒத்துக்கிட்டு."

வித்யா சிரித்தாள். நானும் சிரித்தேன். போலீஸ்காரர் நகைச்சுவை என்று நினைத்தேன். அவர் சொன்னதிலேயே விடை முழுதும் இருந்தது. அதைச் சொன்ன அவருக்கும் தெரியாது, கேட்ட எனக்கும் தெரியவில்லை.

வித்யா எவர்சில்வர் தம்ளரில் வெந்நீர் குடித்தாள். பிறகு அண்ணாச்சியின் ஒலிபெருக்கியில் ட்ராக்கைப் போட்டு அதே பாட்டைப் பாடினாள். கழுத்து நரம்பு புடைக்கவில்லை. நன்றாக இருந்தது. என் மடியில் கிட்டார் இருந்ததால் என்னால் கைதட்ட முடியவில்லை.

அவர் போன பிறகு, இரண்டு பாட்டுக்கும் ட்ராக்கே இருக்கட்டும் என்றாள். நான் கம்பிகளைத் துடைத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, அதனாலென்ன, நீங்கள் முன் வரிசையில் உட்காருங்கள் என்றாள். குழுவின் கச்சேரிகளில் முன் வரிசையில் யார் உட்கார்வார்கள் என்பது எனக்குத் தெரியும். பாடுகிறவர்களின் கைப்பையை வைத்துக்கொண்டிருப்பவர்கள்.

கைப்பேசியில் சுருதி காட்டும் செயலியை வைத்துச் சோதித்தேன். விரல் படாத தந்தி ஒலித்தால் முள் நடுவில் நின்றது. விரலை வைத்தால் முள் வலது பக்கம் சாய்ந்தது. எந்த ஃபிரெட்டில் வைத்தாலும் சுரம் மேலே போயிற்று. சேடிலில் தந்தி ஏறும் விளிம்பைப் பின்னால் தள்ளி ராவினேன். முள் சாய்ந்தது. நட்டின் பள்ளங்களை ஆழமாக்கினேன். முள் சாய்ந்தது. அந்த வாரம் வீட்டில் எலும்புத்தூள் பறந்தது.

ஒன்றும் செய்ய முடியாமல் ஒரு மாலை கிருபாவிடம் எடுத்துப்போனேன். வித்யா சுரண்டையிலிருந்து வரும் பேருந்து அந்த நேரத்துக்குத்தான் வரும். மாடிக்கு வரச் சொல்லியிருந்தேன், சேர்ந்து வண்டியில் போகலாம் என்று. கிருபா கிட்டாரை வாங்கி, தந்திகளைக் கேட்டு, ஒரு கார்டைப் பிடித்தான்.

புகைப்படத்தில் குடும்பம் நேராகப் பார்த்தது.

அவன் இன்னொன்று பிடித்தான். அதுவும் நேராக இருந்தது. கழுத்தில் மேலும் கீழும் ஓடினான். மழை ஓட்டில் விழுவதுபோல் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்டது.

"சூப்பரா இருக்கு சார். யாரு போட்டது?"

நான்தான் என்றேன். இல்ல சார், உண்மையாக யார் என்றான்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வித்யா வந்து வாசலில் நின்றாள். முகம் மலர்ந்திருந்தது.

"சரியாயிட்டா?" என்றாள் என்னிடம்.

நான் பதில் சொல்வதற்குள் கிருபா, பாடுங்கக்கா என்றான். அவள் கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பாடினாள். பல்லவி முழுக்கப் பாடினாள். இடையில் ஒருமுறைகூட நிறுத்தவில்லை. நான் கைப்பையோடு நின்றேன். குற்றாலத்துக்கு ஒத்திகை பார்த்ததுபோல் ஆயிற்று.

பாட்டு முடிந்ததும் கிருபாவை அதே ஃபிரெட்டில், அதே தந்தியில் விரலை வைக்கச் சொல்லி முள்ளைப் பார்த்தேன். நடுவில் நின்றது. நான் வைத்தேன். வலது பக்கம் சாய்ந்தது. அவன் விரல், காயாத பெயிண்டைத் தொட்டுப் பார்க்கும் விரல்போல் இருந்தது. என் விரல், சாவி தொலைந்த பூட்டைத் திறக்கும் விரல். நகம் வெளுத்து, தந்தி மரம்வரை இறங்கிப் போயிருந்தது.

வண்டியில் வித்யா பின்னால் உட்கார்ந்திருந்தாள். எதிர்க்காற்றில் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது.

"தொண்டை வலிக்கவே இல்ல."

சரி என்றேன்.

"கிருபா வருவானான்னு கேளுங்களேன். வாசிக்கப் போறது உங்க கிட்டார்தான."

அவள் குத்திக்காட்டவில்லை. என்னை ஆறுதல்படுத்தினாள். அதுதான் பிரச்சினை. இத்தனை நாள் கம்பி, சாவி, எலும்பு, எவர்சில்வர் என்று நான் செதுக்கியது வேறொருவன் என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பதற்கான கிட்டார். அதுவும் முதல்தரமான கிட்டார்.

மறுநாள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குச் சுரமானி சோதனை. மரப்பெட்டியின் மேல் ஒரு கம்பி, அதன் முனையில் எடை. எடையைக் கூட்டினால் கம்பி விறைக்கும், சுரம் ஏறும். ஆண்டுதோறும் இதை நடத்துகிறேன். ஜுஹைனா என்ற மாணவி எடையை ஏற்றிக் கம்பியைத் தட்டினாள். சுரம் ஏறியது. ஏன் என்று கேட்டேன். இழுவிசை கூடுகிறது என்றாள். சரி என்றேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து என் இடது கையைப் பார்த்தேன். நான் எடையாகத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கதை இதுதான். கல்லூரி நாளில், பாளையங்கோட்டை விடுதியில் நான் கற்றுக்கொண்ட கிட்டார் மலிவானது. அதன் தந்திகளுக்கும் பலகைக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும். துணி பிழிவதுபோல் பிடித்தால்தான் ஒலி வரும். அப்படியே பிடித்தேன், அப்படியே பழகினேன். விரல் நுனியில் காய்ப்பு ஏறியதும் பார்த்தவர்களிடமெல்லாம் காட்டினேன். பிறகு வாங்கிய நல்ல கிட்டாரையும் அதே கையால் பிழிந்தேன். அது பிழைத்தது, அதன் ஃபிரெட்டுகள் தேய்ந்து பலகை மட்டத்துக்கு வந்ததால். எவ்வளவு அழுத்தினாலும் விரல் உடனே மரத்தில் முட்டி நின்றுவிடும். தந்தி அதற்குமேல் விறைக்காது. இப்போது நானே உயரமான ஃபிரெட் போட்டு, மரத்தை இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிட்டேன். அழுத்த அழுத்தத் தந்தி இறங்கிக்கொண்டே போனது, சுரம் ஏறிக்கொண்டே போனது. பழைய கிட்டார் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதன் பல்லைப் பிடுங்கி, உண்மை பேசும் பல்லைக் கட்டிவிட்டேன்.

வித்யாவிடம் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். வியாழக்கிழமை பார்ப்போம் என்றாள்.

பெருவிரலை எடுத்துவிட்டு வாசித்தேன். கழுத்துக்குப் பின்னால் பெருவிரல் இல்லாவிட்டால் நெரிக்க முடியாது. முதலில் ஒலியே வரவில்லை. தட்தட்டென்று கட்டைச் சத்தம். கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, ஒலி பிறக்கும் இடத்தைத் தேடினேன். அது வெட்கப்படும்படி அருகில் இருந்தது. நான் தந்துகொண்டிருந்த பலத்தில் கால்பங்குகூட வேண்டியிருக்கவில்லை. தனியாக வாசிக்கும்போது முள் நடுவில் நின்றது. பாடிக்கொண்டே வாசித்தால் பெருவிரல் தானாகத் திரும்பி வந்தது. பாட்டு உருகும் இடத்தில் நான் உருகவில்லை, நெரித்தேன். வகுப்பில் கரும்பலகையில் எழுதும்போது சுண்ணக்கட்டி உடைந்துகொண்டே இருப்பதை அந்த வாரம்தான் கவனித்தேன். வண்டிக் கைப்பிடி, பல் துலக்கும் பிரஷ், எதையும் நான் சும்மா பிடிப்பதில்லை.

வியாழக்கிழமை வித்யா ஒரு பாட்டு முழுக்கப் பாடினாள். வெந்நீர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள். வங்கியில் கடன் விண்ணப்பத்தைப் பார்க்கும் முகம். முதல் பாட்டு ட்ராக்கோடு, இரண்டாவது உங்களோடு என்றாள். இரண்டாவதற்கும் ட்ராக் அண்ணாச்சி கைப்பேசியில் தயாராக இருக்கும். நடுவில் கெட்டுப்போனால் அவர் அதை ஓடவிடுவார்.

அண்ணாச்சிக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. பந்தோபஸ்து மாதிரி என்றார்.

குற்றாலத்தில் அன்று சாரல் நிற்கவே இல்லை. அருவியில் குளித்தவர்கள் தலையில் துண்டோடு கூடத்தின் ஓரம் ஒதுங்கி நின்றார்கள். பாட்டுக் கேட்க வந்தவர்களும் மழைக்கு ஒதுங்கியவர்களும் யார் யார் என்று தெரியவில்லை. எங்களுக்கு முன்னால் பாடியவர்கள் ட்ராக்குக்கு முன்னேயும் பின்னேயும் போனார்கள். ட்ராக் யாருக்காகவும் நிற்கவில்லை. அண்ணாச்சியும் பாடினார். அவர் முடித்த பிறகும் ட்ராக் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் ஒரே கைதட்டல்.

வித்யா முதல் பாட்டைப் பாடினாள். அந்த நேரம் முழுக்க நான் மேடை ஓரத்தில் நின்று உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பாட்டுக்கு எனக்கு நாற்காலி போட்டார்கள். எனக்கு நேர் எதிரே, முன் வரிசையில், அண்ணாச்சி கைப்பேசியை மார்புக்கு நேரே பிடித்து, பெருவிரலைப் பொத்தானின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் பெருவிரல் தயார். என் பெருவிரலை நான் காற்றில் தொங்கவிட்டேன்.

தொடங்கினோம். சுரங்கள் நேராக நின்றன. சொல்லப்போனால், என் வாழ்க்கையில் நான் இவ்வளவு நன்றாக வாசித்ததில்லை. இதை நினைத்த உடனே நினைத்திருக்கக் கூடாது என்று தெரிந்தது. சரணத்தில் ஒரு கார்டு. ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து எல்லாத் தந்திகளையும் ஒருசேரப் பிடிக்க வேண்டியது. அங்கேதான் பாட்டு ஏறும். அந்த இடம் வருகிறது என்று தெரிந்ததும் பெருவிரல் என்னைக் கேட்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. நெரித்தேன். கார்டு மேலே ஏறியது. எனக்கே கேட்டது.

அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். வித்யாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் மாற்றமில்லை. அடுத்த கார்டில் கையை இளக்கினேன். பாட்டு முடிந்தது. கைதட்டினார்கள். ஒதுங்கி நின்றவர்களும் தட்டினார்கள்.

அண்ணாச்சி மேடைக்கே வந்து என் தோளில் தட்டினார். பெருவிரலுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது என்றார். ட்ராக்கே தோற்றது, அவ்வளவு சுருதி சுத்தம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நானும் அதை நம்பினேன். அந்த ஒரு கார்டு என் காதுக்கு மட்டும் கேட்ட பிரமையாக இருக்கும் என்று முடிவு செய்தேன். நனைந்துகொண்டே வீடு திரும்பினோம். வழியெல்லாம் வண்டியை லேசாகப் பிடித்து ஓட்டினேன்.

மறுநாள் காலை அண்ணாச்சி கச்சேரியின் பதிவைக் குழுவின் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். வித்யா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்தச் சரணத்துக்குத் தள்ளிக் கேட்டேன். கார்டு ஏறவில்லை. எல்லாம் ஒத்துப்போயிற்று. நிம்மதியாக இருந்தது. ஆனால் எனக்குச் சோதிக்கும் பழக்கம் உண்டு. சுருதி காட்டும் செயலியை இன்னொரு கைப்பேசியில் திறந்து பக்கத்தில் வைத்து, திரும்ப ஓடவிட்டேன்.

அந்த இடத்தில் முள் வலது பக்கம் சாய்ந்தது. கிட்டார் ஏறியிருந்தது. தந்தி ஓய்ந்து வித்யாவின் குரல் மட்டும் இழுத்த நொடியிலும் முள் அங்கேயே நின்றது, குரலும் ஏறியிருந்தது. சரியாக அதே அளவு. அடுத்த கார்டில் இரண்டும் சேர்ந்து நடுவுக்கு வந்தன. திரும்பத் திரும்பக் கேட்டேன். என் கார்டு சரியாகக் கேட்டதற்குக் காரணம், அவள் அதன் பக்கத்தில் வந்து நின்றதுதான்.

வரவேற்பு, கொலு, புதுமனை, ஆண்டு விழா எல்லாம் நினைவுக்கு வந்தன. எல்லா இடத்திலும் சுருதி சேர்ந்திருந்தது என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

"அந்தச் சரணத்துல வலிச்சுதா?" என்று கேட்டேன்.

அவள் கீரையிலிருந்து நிமிரவில்லை.

"ஒரே எடம்தான. எட்டிப் பிடிச்சிட்டேன்."

"முன்னாலயும் இப்படித்தானா?"

"பழைய கிட்டார்ல கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏறுவீங்க. பாட்டு முழுக்க ஏறுவீங்க. கூடவே வந்துருவேன்." ஒரு பழுத்த இலையைக் கிள்ளித் தூரப் போட்டாள். "எவர்சில்வருக்குத்தான் எட்டல."

நான் எழுந்து போய் வெந்நீர் வைத்தேன். தம்ளர் சுட்டது. விரல் நுனிகளால் பிடித்துக்கொண்டு வந்தேன்.